பூச்சு கருகிய இழை

தொழிற்சாலையில் கார்பன் இழைப் பிரிவுக்குப் பொறுப்பாளியான அவளை அங்கே எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உறவுமுறையில் அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான். வெட்டும் இயந்திரத்தில் நின்ற நாத்தனார்.

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். அக்கம்பக்கத்தில் வாயாரப் புகழ்ந்தார்கள். பிள்ளை தங்காமல் தவித்த காலத்தில் இதே நாத்தனார் அண்ணியைச் சொந்தக்காரர்கள் நடுவில் "மலடி" என்றது அவர்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு மகள் பிறந்தும் அண்ணியின் மனம் ஆறவில்லை.

இழையைப் பசைத் தொட்டியில் முக்கிப் பூச்சேற்றி, அடுப்பறையில் உலர்த்தி, அரிசி நீளத்துக்கு நறுக்கி, பிளாஸ்டிக்கோடு கலந்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். நறுக்குகிற இடத்தில்தான் தூசி. கண்ணுக்கே தெரியாத கறுப்பு முள் தோலுக்குள் இறங்கிவிடும். மற்றவர்களை வாராவாரம் இடம் மாற்றிய அண்ணி, நாத்தனாரை மட்டும் அங்கிருந்து நகர்த்தவே இல்லை.

"கையெல்லாம் அரிக்குது அண்ணி. வேற இடத்துல போடுங்களேன்."

"பழகிடும். சொரியாத, புண்ணாயிடும்."

"உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

அவள் பொய்யாகக் கேட்கவில்லை. அன்று மலடி என்று சொன்னவளுக்கு அது நினைவிலேயே இல்லை. அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து வீட்டிலும் சட்டம் வந்தது. "பாப்பாவைத் தொடாத. முள்ளு ஒட்டிக்கும். உன் துணியைத் தனியா துவை." குழந்தை "அத்தை!" என்று ஓடிவரும்போதெல்லாம் நாத்தனார் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அதைப் பார்க்கையில் அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவசர ஆர்டர் வந்தது. சீக்கிரம் உலரட்டும் என்று அண்ணி தானே அடுப்பறையின் சூட்டைக் கூட்டினாள். பூச்சு கருகிப்போனது. பூச்சில்லாத இழை பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. அச்சிலிருந்து வந்த துண்டுகள் சோதனையில் சுள்ளியாய் ஒடிந்தன.

"சூட்டைக் கூட்டினது யாரு?" மேனேஜர் கத்தினார்.

"இவதான் சார்," என்றாள் அண்ணி, கண் இமைக்காமல். "சொல்லச் சொல்லக் கேக்கல."

அடுப்பறைப் பக்கமே போயிராத நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

"ஆமா சார். நான்தான்."

அங்கேயே வேலை போனது.

சாயங்காலம் அண்ணன் தங்கையைப் பிடித்துக்கொண்டான். "மானத்த வாங்கிட்டியே! வேலை வாங்கிக் குடுத்தவ தலகுனிஞ்சு நிக்கணுமா?"

நாத்தனார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர் புண்ணில் பட்டு எரிந்ததில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"விடுங்க, பாவம்," என்றாள் அண்ணி. "இனிமே வீட்டோட இருக்கட்டும். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"உனக்குப் பெரிய மனசு," என்றான் அவன்.

மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, துவைப்பதிலிருந்து துடைப்பதுவரை எல்லா வேலைகளையும் நாத்தனாரிடம் ஒப்படைத்த அண்ணி, கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.