தூஸ்மான்

முழுகிவிட்டு ஈர வேட்டியோடு பஞ்சநாதன் வீட்டுக்குள் நுழைந்தபோது குடங்கள் எல்லாம் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. தவலை, சொம்பு, குளிக்கிற அண்டா, எதுவும் மிச்சமில்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் பிணத்தை எடுத்த பிறகு பழைய தண்ணீர் ஒரு சொட்டு நிற்கக் கூடாது. வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த அக்கா குஞ்சம்மாள் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருந்தாள்.

நடு அறையில் மட்டும் தண்ணீர் நின்றது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. அக்கா அதன் இரும்பு விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல நேரத்துல வந்த. நான் ஒருத்தி தள்ளுனா அசைய மாட்டேங்குது. பக்கத்து வூட்டு வடிவேல வரச் சொல்லியிருக்கேன். ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி சாச்சி ஊத்திடலாம்."

பஞ்சநாதன் தொட்டிக்கு எதிரே குந்தினான். நடுவில் நிறுத்திய கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண் மீன். இந்தப் பக்கம், தான் ஊதி ஊதிக் கட்டிய நுரைக்கு அடியில், நீலத் துடுப்பு விரித்து ஆண் மீன் காவல் நின்றது. நுரையின் அடியில் ஏதோ அசைந்தது. அவன் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான்.

முட்டை பொரித்திருந்தது.

தொட்டி அவன் மனைவி ரஞ்சிதத்துடையது. கடற்கரைப் பக்கம் ஒரு மதாம் வீட்டில் பதினோரு வருடம் வேலை செய்தாள். பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருடம் மதாம் கப்பல் ஏறினாள். போகும்போது தொட்டியையும் ஒரு ஜோடி சண்டை மீனையும் ரஞ்சிதத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பஞ்சநாதன் வீராம்பட்டினத்துக் கரையில் மீன் ஏலம் விடுகிறவன். ஆள் நீள வஞ்சிரத்தைக் கூவி விற்கிறவன் வீட்டில் சுண்டுவிரல் நீள மீன்.

"கொழம்புக்கு எத்தினி போடுவ?" என்று கேட்டான் முதல் நாள்.

"உன்னத்தான் போடுவேன்" என்றாள் அவள்.

ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையில் அளவு சொல்லி ஒரு தடுப்பு வெட்டி வந்து நிறுத்தினாள். ஓரத்தில் நூல் அளவு இடைவெளி. தண்ணீர் கசியும், மீன் போகாது. இரண்டும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பழகின. ஆனால் தண்ணீர் மாற்ற குவளையால் மொள்ளும்போதெல்லாம் நுரை கலைந்து முட்டை கெட்டது. இரண்டு முறை அப்படிப் போயிற்று.

மூன்றாவது முறைக்குள் அவள் படுத்துவிட்டாள். இதயம் வீங்கியிருக்கிறது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்தபடியே அவள் யோசித்து வைத்திருந்தாள்: பெண் மீன் பக்கம், மேலே, தொட்டியின் கண்ணாடியில் ஒரு துளை. ஆண் பக்கம் உறியில் ஓட்டைப் பானை. இங்கே சொட்டினால் அங்கே வழியும். நுரை ஆடாது.

"கண்ணாடியில ஓட்ட போட்டா ஒடையாதா?"

"தூஸ்மான் போட்டா ஒடையாது."

"அவன் யாரு தூஸ்மான்? பாய் கடை ரகுமான் தம்பியா?"

அவள் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். மதாம் கதவைச் சாத்தும்போதும் பீங்கானை அடுக்கும்போதும் சொன்ன வார்த்தை. அவன் ஏலக் குரலோடு வீட்டுக்குள் வந்தால் ரஞ்சிதமும் அதையே சொல்வாள். இத்தனை வருடமாக அர்த்தம் தெரிந்தேதான் அவனும் யார் அவன் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்பது நாளைக்கு முன்பு துளை போட்டார்கள். தொட்டியைக் காலி செய்து கோணிமேல் சாய்த்து, மெழுகால் வட்டமாகப் பாத்தி கட்டி, அதற்குள் சாணைக்கல் பொடியும் தண்ணீரும் விட்டான். தச்சன் வடிவேலிடம் இரவல் வாங்கிய துரப்பணத்தில் செப்புக் குழாயைச் செருகி, கயிறு கட்டிய வில்லை இழுத்து இழுத்துச் சுழற்றினான்.

"அழுத்தாதய்யா. ஏலம் வுடறியா?"

"நீ வந்து போடேன்."

"நான்தான போடறேன்? கைதான் உன்னுது."

வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு வந்துவிட்டது. திடீரென்று அவள், "நிறுத்து" என்றாள். "சத்தம் மாறுது. இனிமே கையாலயே சுத்து."

சுற்றினான். காலணா அளவு கண்ணாடி வட்டம் ஒன்று கழன்று கோணியில் விழுந்தது. தொட்டியில் கீறல்கூட இல்லை. அந்த வட்டத்தை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்று காலை குளிப்பாட்டிப் புதுப் புடவை கட்டிய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் அவன் அதை மறுபடி முடிந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை தடுப்பைத் தூக்கி ஜோடி சேர்த்தார்கள். முட்டை வந்ததும் தடுப்பை இறக்கினார்கள். புதன் காலையில் அவள் கேட்டாள், "வெடிச்சிதா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு."

"சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிப் படுத்தாள். துளையிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்து எழுப்பினான். அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு வந்த கூட்டத்தில் யாரோ, தரை வழுக்கும் என்று துளையில் தக்கையை அடைத்தார்கள். பானை மட்டும் இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. தண்ணீர் துளைக்கு மேலே ஏறி நின்றது. பானையை இன்று அக்கா கழற்றிக் கவிழ்த்துவிட்டாள்.

"மீன வேணா எடுத்து சீசாவுல வுடு" என்றாள் அக்கா, குரலைத் தணித்து. "உசுரக் கொல்லவா சொல்றேன்? தண்ணிதான்டா ஆகாது."

"குஞ்ச எப்பிடிக்கா எடுக்கறது?"

"எங்க குஞ்சி?"

காட்டினான். இமை மயிரை நறுக்கிப் போட்டாற்போல, நுரைக்கு அடியில் வால் கீழாகத் தொங்கின.

"இதா? தூசுடா."

"பொறந்து அர நாளுகூட ஆவல. தண்ணி ஆடுனா செத்துப்பூடும்."

அக்கா குனிந்து பார்த்தாள். "அவ போன வூட்டுத் தண்ணிடா, தம்பி. உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் யாருகிட்டப் போவேன்?"

ஏலக் குரல் தொண்டை வரை வந்தது. அவன் அதைக் கீழே இறக்கினான்.

"இப்ப எதுலக்கா முழுகிட்டு வந்தேன்?"

"ஆத்துல."

"எல்லா சாவுக்கும் அதுலதான முழுகறோம். அந்தத் தண்ணிய யாரு கொட்டுனா?"

"ஆறு ஓடுதுடா, பைத்தியக்காரா."

அவன் தக்கையைப் பிடுங்கினான். தண்ணீர் வளைந்து வாளியில் விழுந்தது.

"இதும் ஓடுது."

வாசலில் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வடிவேல் வந்து நின்றான். "எந்தப் பக்கம் புடிக்கணும்?"

அக்கா அவனைக் கையமர்த்தினாள். "அவ போறப்ப ஓடிச்சா?"

"ஓடிச்சி. அந்தச் சத்தம் ஒண்ணுதான் இருந்துச்சி."

மூவரும் வாளியைப் பார்த்தார்கள். தாரை மெலிந்து நூலாயிற்று. நூல் அறுந்து சொட்டாயிற்று.

"நிக்கப்போவுதுடா!" என்றாள் அக்கா.

முற்றத்துக்கு ஓடி ஒரு குடத்தை நிமிர்த்தினாள். கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது. ததும்பும் குடத்தோடு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"எங்க ஊத்தணும்?"

"ஆம்பள பக்கம். தூஸ்மான்."

"அவன் யாருடா?"

பஞ்சநாதன் குடத்தின் வாய்க்கு அடியில் கையை விரித்து நீட்டினான். தண்ணீர் அவன் விரல்களுக்கு இடையில் பிரிந்து, சொட்டுச் சொட்டாக இறங்கியது.