ஞானாம்பாளின் மூன்று பொத்தான்

அண்ணாமலை நகரில் ஆய்வேடு தட்டச்சு செய்து தரும் ஞானாம்பாளின் கணினி எப்போது உறைந்தாலும் ஒரே மருந்துதான். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து ஓர் அமுக்கு. ஓடும் புரோகிராம்களின் பட்டியலோடு டாஸ்க் மேனேஜர் வந்து நிற்கும். மக்கர் பண்ணும் புரோகிராமைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவாள். பதினாறு வருஷப் பழக்கம்.

தங்கை மகளுக்குப் பிரசவமென்று கடலூர் போனவள் நாலு நாள் கழித்து அன்று காலைதான் திரும்பியிருந்தாள். கடை பார்த்துக்கொண்டவர் கணவர் கார்த்திகேசன். "கம்ப்யூட்டரத் தொடச்சி, சர்வீஸ் பண்ணி வச்சிருக்கேன். வேற ஒண்ணும் தொடல" என்றார், கேட்காமலே. கேட்காமல் பதில் சொல்கிற ஆளை ஊரே நம்பாது. அவள் நம்பினாள். திரையிலும் அதே நீலப் படம், அதே இடத்தில் அதே மெனு.

மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எல்லாம் உறைந்தது. ஒரு மணி நேரத் திருத்தம் இன்னும் சேமிக்கவில்லை. ஆய்வேட்டுக்காரி இலக்கியா பக்கத்திலேயே நின்றாள். ஐந்துக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் அவளுக்கு ஒரு பருவம் போச்சு.

மூன்று பொத்தான். டாஸ்க் மேனேஜர் வரவில்லை. அறுபது வினாடியில் தானாக வெளியேறிவிடுவேன் என்றது திரை. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. சேமிக்காததெல்லாம் போய்விடுமே என்று பதறி ரத்து செய்துவிட்டுக் கணவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"ஏங்க, என்னத்த பண்ணி வச்சீங்க?"

"வைரஸ் வந்துருச்சி ஞானா. விண்டோஸ் போயிருச்சி. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டேன். உனக்குத் தெரியாம இருக்கட்டும்னு பழைய படத்தையே வச்சேன்."

"அப்ப மூஞ்சிக்கு மேக்கப் போட்டு என்னையே ஏமாத்துனீங்களா?"

"ஏமாத்தவெல்லாம் இல்ல..."

"ஆன்ட்டி," என்றாள் இலக்கியா, "லினக்ஸ்ல டாஸ்க் மேனேஜருக்குப் பேரு சிஸ்டம் மானிட்டர். மெனுவுல தேடிப் பாருங்க."

தேடினாள். மெதுவாக, ஆனால் வந்தது. பேர்தான் வேறு; கணினியின் சக்தியை யார் எவ்வளவு தின்கிறார்கள் என்ற பட்டியல் அதேதான். முதல் வரியில், வீடியோவைச் செல்போனுக்கு மாற்றும் புரோகிராம் ஒன்று தொண்ணூற்றொரு சதவீதத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்த வைரசு எதுல வந்துச்சி? ஓசில எறக்குன படத்துலயா?"

அந்த முதல் வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"இப்ப ஓடுறதும் படந்தானா?"

"இன்னும் பத்தே நிமிஷம், ஞானா. முடியப்போவுது. அத மட்டும் விட்டு..."

"முடிஞ்சிருச்சிங்க," என்று அந்தப் புரோகிராமை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

பக்கம் அசைந்தது. முதல் வேலையாகச் சேமித்தாள். பிரிண்டர் உறுமத் தொடங்கியது. நாலு மணிக்குக் கட்டோடு இலக்கியா பைண்டிங் கடைக்கு ஓடினாள்.

ஞானாம்பாள் அந்தப் பட்டியலை மூடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தாள்.