லேப்டாப்பின் சொந்தக்காரி

தங்கையின் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. லேப்டாப் படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும்.

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"புதுசு எதுக்குடி வாங்கணும்? விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுத் தரேன். புதுசாக் கத்துக்கறவங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. காசு கிடையாது, கம்பெனிக்காரன் வேவு பாக்கற வேலையும் கிடையாது" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கையின் ஃபைல்களை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பென்டிரைவைச் செருகி உட்கார்ந்தாள். பக்கத்தில் தங்கையை இருத்தி, மொழி, வைஃபை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். சொந்தக்காரரின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரை வந்த நேரம் பார்த்து, அக்காவின் இரட்டைப் பிள்ளைகள் ஒன்றின் தலையில் ஒன்று பாலைக் கவிழ்த்துக்கொண்டன. தங்கை எழுந்து ஓடினாள். இரண்டையும் குளிப்பாட்டித் துவட்டிவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. அக்கா வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை அடித்ததும் லேப்டாப் பட்டென்று திறந்தது. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கையோடு வேறு ஊரிலிருந்த ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டாள். மாதச் சம்பளம், தங்குவதற்குத் தனி அறை. முப்பது வயதில் தனக்கென்று ஒரு கதவு. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அக்காவிடம் மூச்சு விடவில்லை. பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். அதற்கொரு சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ள வேண்டும்.

பரீட்சை அன்று மத்தியானம், அக்கா பள்ளிக்கூடம் போயிருக்க, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அதைப் போட உட்கார்ந்தாள். நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்டது. தன்னுடையதை அடித்தாள். தப்பு என்றது. தேடிப் பார்த்தால் நிர்வாகி என்று அக்கா பெயர் இருந்தது. இவள் வெறும் பயனர்; நிர்வாகி அனுமதித்தால்தான் எதையும் புதிதாகப் போட முடியும். பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்து கொடுப்பதைப் போலவே அக்கா இங்கும் செய்திருந்தாள். பழக்கதோஷம் என்று சிரித்துக்கொண்டே போன் போட்டாள் தங்கை.

"சாயங்காலம் வந்து போட்டுத் தரேனே" என்றாள் அக்கா.

"இப்பவே வேணும்க்கா."

"அந்த ஆஸ்பத்திரிப் பரீட்சைக்குத்தானே? எழுதலேன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. இங்க உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"உனக்கு யார் சொன்னது?"

"அப்டேட் போடும்போது கண்ணுல பட்டுச்சு."

"என் ஃபோல்டருக்குள்ள இருந்தது எப்படிக் கண்ணுல படும்?"

"நீ போயிட்டா பிள்ளைங்கள யாருடி பாத்துப்பா?" என்றாள் அக்கா.

ஆக, சங்கதி இதுதான். ஊரான் வேவு பார்த்தால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். கூடப் பிறந்தவளை என்ன செய்வது? நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டு, குறை என்ன வைத்தேன் என்று கேள்வி வேறு. தெருமுனையில் பிரௌசிங் சென்டர் இருந்தது; பரீட்சையை அங்கேயும் எழுதலாம். தூங்குகிற பிள்ளைகளை விட்டுவிட்டு இவள் அங்கே போகமாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியும். அதுதான் நெஞ்சைச் சுட்டது. இவளுடைய பாசத்தையே இவளுக்குப் பூட்டாகப் போட்டிருந்தாள். தங்கை போனிலேயே விசும்பிவிட்டாள்.

"சரி, அழாத. பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கோ."

"வேணாம். என் லேப்டாப்புன்னு நினைச்சிட்டிருந்தேன். அது உன்னுது, நீயே வெச்சுக்கோ. அரை நாள் லீவு சொல்லிட்டு வா. நான் சென்டருக்குப் போகணும்."

"பிள்ளைங்க?"

"உன் பிள்ளைங்க தூங்குதுங்க. நீ வர்ற வரைக்கும் பாத்துக்கறேன்."

அவை பிறந்த நாளிலிருந்து இவள் வாயில் 'நம்ம பிள்ளைங்க' என்பதைத் தவிர வேறு பேச்சு வந்ததில்லை. அக்காவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

"இதோ வரேன்" என்றாள்.