கதவில்லாத கோட்டை

ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. காலையில் வீடு திரும்பும்போது நண்பன் ஆர்ஷவிர் என் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். வணக்கம் கிடையாது.

"எவ்வளவு?"

"கதவையாவது திறக்க விடுறியா?"

என் கணினியில் இரவெல்லாம் ஓடிய சதுரங்க எந்திரம் காட்டும் எண்ணைத்தான் கேட்கிறான். அவன் வீட்டில் கணினி வைக்க முடியாது. நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் கியூம்ரி நகரில் தற்காலிகமாகக் கொடுத்த தகரப் பெட்டி வீடு ஒன்றில்தான் இன்னமும் இருக்கிறான். அங்கே மின்னடுப்பைப் போட்டால் விளக்கு அணைந்துவிடும். வேலைக்கென்று ரஷ்யா போன மனைவி திரும்பவில்லை. அவனிடம் மிஞ்சியது கடிதச் சதுரங்கம். இப்போது கடிதமெல்லாம் இல்லை, இணையத்தில்தான். ஒரு நகர்த்தலுக்கு நாட்கணக்கில், வாரக்கணக்கில் யோசிக்கலாம். எந்திரத்தைக் கேட்டும் ஆடலாம், விதி தடுக்கவில்லை. எல்லோரும் கேட்டுத்தான் ஆடுகிறார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் ஆடிக்கொண்டிருந்தது ஹோலுப் என்ற செக் நாட்டுப் பல் மருத்துவரோடு. ஹோலுப்பிடம் ராணி இருந்தது. இவனிடம் ஒரு யானை மட்டும். இரு பக்கத்துச் சிப்பாய்களும் மூக்கோடு மூக்கு முட்டி அசைய வழியின்றி நின்றன. சமன் செய்தால் நாட்டின் அணியில் இவன் இடம் நிலைக்கும். தோற்றால் அடுத்த வருடம் வேறு ஆள். அணித்தலைவன் குர்கென் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தான்.

"ஏழு," என்றேன். எதிராளி ஏழு சிப்பாய் அளவுக்கு மேலே இருக்கிறான் என்று அர்த்தம். மூன்று காட்டினாலே பலர் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள்.

ஆர்ஷவிர் சூடான ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு பலகையில் காய்களை அடுக்கினான்.

"அதுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். ராணியப் பாக்குது, எண்ணுது. இங்க பாரு. என் ராஜா இந்த ரெண்டு கட்டத்துக்குள்ள போய்ட்டு வந்துட்டு இருப்பான். யானை இந்த வரிசைய விட்டு நகராது. அவன் ராணி வெளிய சுத்தட்டும், பாட்டுப் பாடட்டும், துணி துவைச்சுக் காயப்போடட்டும். இது கோட்டை, உள்ள வரக் கதவே இல்ல."

"அது ராத்திரி பூரா கோடிக்கணக்குல பாத்திருக்கு, ஆர்ஷோ."

"வீட்டக் கோடித் தடவ சுத்தி வந்தா சுவத்துல கதவு முளைச்சிருமா?"

பாதியில் படிப்பை விட்டவன் நான். எண்ணை நம்பினேன், நம்புவதற்கு உழைக்க வேண்டியதில்லை.

குர்கென் தலைநகர் யெரெவானிலிருந்து போனில் அழைத்தான்.

"ஆர்ஷோ ஜான், இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. செத்தவனுக்கு எத்தன நாள் மூச்சு ஊதுவ?"

'ஜான்' என்று செல்லமாக அழைத்தாலும், ஆட்டத்தை இழுக்கிறாய் என்பது கடிதச் சதுரங்கக்காரர்களிடையே பெரிய வசை. தோற்ற ஆட்டத்தை விடாமல் இழுப்பவன், எதிராளி முதலில் செத்துப்போவான் என்று காத்திருக்கிறான் என்பார்கள். ஆர்ஷவிரை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகம் சிவந்துவிட்டது.

"நானா இழுக்கறேன்? வந்த அன்னைக்கே பதில் அனுப்பறேன். அவன்தான் ஒவ்வொண்ணுக்கும் வாரக்கணக்குல உக்காந்திருக்கான்."

"ஜெயிக்கப் போறவன் ஊரு பல்லையெல்லாம் புடுங்கிட்டு சாவகாசமா வருவான். அவனுக்கு என்ன அவசரம்?"

அதோடு பேச்சு முடிந்தது. கையில் எந்திரம் வைத்திருப்பவன் ஜெயிக்கும் ஆட்டத்தில் ஏன் வாரக்கணக்கில் உட்கார வேண்டும்? எங்கள் மூவரில் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு காலை, எண் ஒன்பதாகியிருந்தது.

ஆர்ஷவிர் கேலி பேசவில்லை. பலகையைத் திருப்பி ஹோலுப் பக்கம் உட்கார்ந்தான். ராணியைக் கையில் எடுத்துத் தன் கோட்டைக்குள் தானே நுழையப் பார்த்தான். இடது பக்கம், வலது பக்கம், பின்னால். காப்பி ஆறிப்போயிற்று.

"இல்ல. எங்கயும் இல்ல."

"அப்ப விடாத."

"ஏழு ஒன்பதாச்சுன்னா அது எதையோ பாத்திருச்சு, வாகே ஜான். நான் பாக்காத ஒண்ண."

"உன் கண்ணுக்கு என்ன தெரியுது?"

"என் கண்ண வெச்சு என்ன பண்ண? ரொட்டி சுடவா?"

எழுந்து என் கணினி முன் உட்கார்ந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினான். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. மறுபடி அழுத்தினான்.

மறுநாள் ஹோலுப்பிடமிருந்து ரஷ்ய மொழியில் ஒரு செய்தி வந்திருந்தது. ஆர்ஷவிர் சத்தமாக வாசித்தான்.

"மதிப்புக்குரியவரே, நீங்கள் ஏன் விலகினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே நுழைய வழி தேடித் தேடிக் களைத்துவிட்டேன். என் எந்திரம் தினமும் வெற்றி என்றது, வழியை மட்டும் காட்டவில்லை. அடுத்த நகர்த்தலோடு சமன் கேட்பதாக இருந்தேன். உங்கள் கோட்டை அழகானது. இனி முடிவை மாற்ற விதியில் இடமில்லையாம், விசாரித்துவிட்டேன்."

"அழகானதாம்," என்றான் ஆர்ஷவிர்.

அன்றே குர்கென் அழைத்தான். "எந்திரம் ஒன்பது காட்டுச்சா இல்லையா?"

"காட்டுச்சு."

"அப்ப உன் மேல தப்பே இல்ல. யாரும் உன்னக் குத்தம் சொல்ல முடியாது." கொஞ்சம் இருமினான். "அடுத்த வருஷத்துக்கு ஆள் பாத்தாச்சு."

குர்கென் போனை வைத்த பிறகு, ஹோலுப் பக்கத்தை எந்திரம் ஆடும்படி அமைக்கச் சொன்னான் ஆர்ஷவிர். வேலைக் களைப்பில் எனக்குக் கண் சொருகியது. இருந்தும் அமைத்துக் கொடுத்தேன்.

ராணி வலது பக்கம் போனது. ஒன்பது. இடது பக்கம் வந்தது. ஒன்பது. இவன் ராஜாவை இரண்டு கட்டங்களுக்குள் நகர்த்திக்கொண்டே இருந்தான். ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் நகராமல் ஐம்பது நகர்த்தல் போனால் ஆட்டம் சமன். அதை நெருங்கியதும் ஒன்பது சரியத் தொடங்கியது. கடைசியில் பூஜ்யம் என்று நின்றது.

"பாத்தியா!" என்று கத்தினேன்.

ஆர்ஷவிர் திரையில் காய்களைப் பழைய இடத்தில் வைத்தான். திரை உடனே ஒன்பது என்றது.

"அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது," என்றான். "நல்லாத் தூங்கும்."

குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவனுக்கென்று கொண்டுவந்த ரொட்டி மேசையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு என் படியில் யாரும் உட்காருவதில்லை. வேலைக்குப் போகும்போது கணினியை அணைத்துவிட்டுப் போகிறேன்.