அடிக்குழாயில் வந்த செய்தி

தெசலோனிக்கி சந்தையில் எவாந்தியாவிடம் ஆலிவ் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பீப்பாயின் மேலே கிடக்கும் பளபளப்பான காய்களெல்லாம் அவளே பொறுக்கி வைத்தவை. விவரமானவர்கள் காயைத் தொடவே மாட்டார்கள். பீப்பாயின் அடியில் பொருத்திய அடிக்குழாயைத் திறக்கச் சொல்லி, உப்புநீரை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள்; உள்ளே கிடக்கும் காயின் லட்சணம் அதில் தெரிந்துவிடும். அவர்களுக்கு மட்டும் விலை தானாக இறங்கும்.

அப்படிப்பட்டவளிடம்தான் டாக்டர் ரல்லூ வாதாட வேண்டியிருந்தது. வழக்கமான கருப்பைவாய்ச் சோதனை. சின்னத் தூரிகையால் தடவி எடுத்த மாதிரியின் முடிவு வந்துவிட்டது.

"அக்கா, கர்ப்பப்பை வாய் சுத்தமா இருக்கு."

"அப்ப நான் கெளம்பறேன். கடையில மீன்கார பஸ்காலிஸ உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். ஆலிவெல்லாம் மத்தி வாடை அடிக்கப்போவுது."

"உக்காருங்க. கர்ப்பப்பையோட உள்சுவர்லதான் சந்தேகம். புற்றுநோயான்னு பாக்க அங்கருந்து துளி சதை எடுக்கணும்."

எவாந்தியா சிரித்துவிட்டாள். "ஏம்மா, நீ தடவுனது வாசப்படிய. மாடியில திருடன் இருக்கான்னு எப்படிச் சொல்ற? என்கிட்டயேவா?"

ரல்லூ அவளைச் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைத்தாள்.

"தட்டையா, பெருசா தெரியுதே, அதெல்லாம் வாய்ப்பகுதி அணுக்கள். நடுவுல கருத்த கொத்து ஒண்ணு இருக்கா? அது மேல உள்சுவர்லருந்து உதிர்ந்து வந்தது. மாதவிலக்கு நின்ன வயசுல அது இங்க வரவே கூடாது. உருவமும் சரியில்ல. எல்லாருக்கும் இப்படிக் கீழ வந்து மாட்டாது, உங்களுக்கு வந்திருக்கு."

எவாந்தியாவின் சிரிப்பு அடங்கியது. இரண்டு பிள்ளைகளைச் சுமந்த அறை. அவளே ஒருநாளும் பார்த்ததில்லை. சன்னல் இல்லாத அந்த இருட்டிலிருந்து, ஊசிமுனையில் நூறு நிற்கும் அளவுள்ள ஒன்று தானாக இறங்கி வந்து, கண்ணாடியில் உட்கார்ந்து சேதி சொல்கிறது! போன மாதம் உள்ளாடையில் பட்ட ரத்தக்கறையை யாருக்கும் சொல்லாமல் கசக்கிப் போட்டவள் அவள். கை மயிர் சிலிர்த்தது.

"அடிக்குழாயத் தொறந்துட்டியே, தாயி" என்றாள் மெல்ல. "எப்ப எடுக்கணும்?"

"அடுத்த வியாழன்."

"நாளைக்கி."

"திங்கள் பாக்கலாம்க்கா."

"நாளைக்கி. மொத ஆளா வந்து நிப்பேன்."

ரல்லூ இறங்கி வந்தாள். "சரி, நாளைக்கி."

பேரம் படிந்தும் எவாந்தியா எழுந்திருக்கவில்லை. "இரு, இன்னொரு தரம் பாத்துக்கறேன்" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.