மூடலாமா, சாரே?

ரஜிதா முற்றத்தின் நடுவில் நின்று போனில் கேட்டாள். "சாரே, மூடலாமா?"

மாடி அறையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றபடி விஸ்வநாத் அவளைப் பார்த்தான். மட்டாஞ்சேரியின் அந்தப் பழைய பண்டகசாலை முற்றம் முழுக்கத் தோல் சீவிய இஞ்சி விரித்துக் கிடந்தது. பாதிதான் காய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை சுக்காகக் கப்பலேற வேண்டிய சரக்கு. ஓரத்தில் வேலைக்காரப் பெண்கள் தார்ப்பாயின் விளிம்பைப் பிடித்தபடி தயாராக நின்றார்கள். வைப்பின் தீவுப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"கொஞ்சம் இரு. பாக்கறேன்."

காலையிலிருந்து அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். சாக்குத் தைக்கும் நூல் வெள்ளையா பழுப்பா, லேபிளில் எழுத்து போதுமான அளவு பெரிதா, காவலாளிக்கு ஓணம் கழிந்து லீவு கொடுக்கலாமா, எல்லாம் அவன் மேசைக்கு வந்தன. கொண்டுவந்த சாயாவில் கடுப்பம் போதாது, தண்ணீராக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினான். இரண்டாவது சாயா ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. ராத்திரிக்கு தோசையா சப்பாத்தியா என்று கேட்ட மனைவி ஸுப்ரியாவிடம், "இதுகூட நான்தான் சொல்லணுமா?" என்று கத்திவிட்டு போனை வைத்திருந்தான்.

போன வருஷம் ஒரு சரக்கு பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது. முதலாளி திட்டவில்லை. "நீ பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவன் பார்க்காத பொருள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. போன மாதம் மேகத்தைக் கண்டு ரஜிதா தானாகவே தார்ப்பாயை மூடினாள். மழை வரவில்லை. அடியில் இஞ்சி வியர்த்துப்போயிற்று. அவன் ஒரு துண்டை எடுத்து எல்லோர் முன்னாலும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "மோந்து பாரு. மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? இனிமே நான் சொல்லாம ஒரு துண்டு நகரக்கூடாது." மேற்பார்வையாளராக இருந்த அவள் அதன்பின் துடைப்பம் வாங்கக்கூட அவனைத்தான் கேட்டாள்.

மூடியபின் வெயில் திரும்பினால் பூஞ்சணம். மூடாவிட்டால் மழை. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது.

தார்ப்பாயைப் பிடித்து நின்ற காளியம்மையின் குரல் போனில் கேட்டது. "மழையும் சார்கிட்ட கேட்டுட்டுத்தான் பெய்யும். பேசாம நில்லுங்கடீ."

யாரோ சிரித்தார்கள்.

கேட்காமல் எவளாவது தார்ப்பாயை இழுத்து மூடிவிட மாட்டாளா என்று அவனுக்கு இருந்தது. தவறாகப் போனால் நாளைக்கு அவளைத் திட்டிக்கொள்ளலாம்.

"ரஜிதா, உனக்கு என்ன தோணறது?"

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தோணல சாரே."

"இல்லே, நீ இத்தனை வருஷமா பாக்கறயே..."

"சார் சொன்னா மூடறோம்."

கண்ணாடியில் ஒரு துளி விழுந்து கோடாக இறங்கியது. பிறகு இன்னொன்று. கீழே யாரும் அசையவில்லை. நிமிர்ந்த முகங்களில் மழை விழுந்தது. ஒருத்தி கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். ஓட்டுக்கூரையில் சரளைக்கல் கொட்டியதுபோல் சத்தம் எழுந்தபோதுதான் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"மூடு."

மூடினார்கள். ஓடவில்லை. அவன் சொல்லிக்கொடுத்திருந்த முறைப்படியே, மூலைக்கு மூலை பொருத்தி, சுருக்கம் நீவி, விளிம்பில் செங்கல்லை ஒரே இடைவெளியில் வைத்தார்கள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர் வடிகாலுக்கு வழிந்துகொண்டிருந்தது. ஒரு மூலை சற்றே கோணலாக இருந்தது. காளியம்மை குனிந்து அதை நேராக்கினாள்.

சேலை உடம்போடு ஒட்டியிருக்க, ரஜிதா நனைந்த போனை மறுபடி காதில் வைத்து மேலே பார்த்தாள்.

"சரியா இருக்கா, சாரே?"