வாய் காயும் வரை

தூங்குகிறவர்களின் வாயில் ஒழுகும் எச்சிலைப் பார்த்தே காரணம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுகினால் வயிற்றில் பூச்சி. என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் ஒழுகியது, பல் கொட்டிப் போனதால். என் வீட்டுக்காரர் இருசப்பனுக்கு ஒழுகினால் சாராயம். இதற்கு டாக்டர் படிப்பெல்லாம் தேவையில்லை, அந்த மனுசனோடு பதினோரு வருசம் குடித்தனம் பண்ணினால் போதும். ஒரு கிளாஸா, மூன்று கிளாஸா என்பதைக்கூடப் பாயின் ஈரத்தை வைத்துச் சொல்லுவேன்.

எழுபத்தேழாம் வருசம், ஆவணி மாதம். அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒரு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான், உண்டு. அந்த வருசம் செடியில் கம்பளிப்பூச்சி விழுந்து இலையெல்லாம் சல்லடையாகிக் கிடந்தது. "நாளான்னிக்கு பக்கத்துக் கொல்ல அப்பாதுரைகிட்ட மிஷின் கேட்டு மருந்து அடிக்கிறேன்" என்று முந்தின ராத்திரி சொல்லியிருந்தார். விடிந்ததும் நான் பக்கத்துக் கழனிக்குக் களையெடுக்கப் போனேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள்.

உச்சிப்பொழுதில் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மனுசன் சட்டை இல்லாமல், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, பாயில் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தார். வாயோரத்திலிருந்து எச்சில் கோடாக இறங்கிப் பாயை நனைத்துத் தரைக்கும் வந்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறக்காமல் ஏதோ குழறினார். நாக்கு தடித்து, சொல் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? குனிந்து முகர்ந்து பார்க்கவும் இல்லை. அந்த நாற்றத்தை ஆயுசுக்கும் போதுமான அளவு முகர்ந்தாயிற்று.

எட்டு மாதத்துக்கு முன்னால் வேடியப்பன் கோயிலில், என் அண்ணன் பரசுராமன் கண்ணெதிரே, கற்பூரத்தைக் கொளுத்தி அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவர் இவர். அண்ணன் அங்கேயே சொல்லிவிட்டார்.

"மாப்ள, சாமி மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன். இன்னொரு தபா நீ குடிச்சன்னு தெரிஞ்சுது, என் தங்கச்சியையும் புள்ளைங்களையும் வண்டில ஏத்திக்கினு போயிடுவேன். தேடி வராத."

என் அண்ணன் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ அந்த எட்டு மாதத்தில்தான் குடித்தனம் என்றால் என்னவென்று தெரிய ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் அவர் குரல் கேட்டால் மூலைக்கு ஓடுவதை விட்டு வாசலுக்கு ஓடினார்கள். அண்ணன் எங்களை அழைத்துப் போய்விட்டால் அதெல்லாம் அதோடு சரி. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருக்கோடியில் வண்டி மாட்டின் சலங்கை கேட்டது. எங்கள் தெருவுக்கு அந்தச் சலங்கை ஒன்றுதான் வரும். டவுன் சந்தைக்குப் போகிற வழியில் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். வெளியே பாய்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, சங்கிலியை மாட்டிப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"இன்னா பொன்னி, பட்டப்பகல்ல வீட்டப் பூட்டி வெச்சிருக்க?"

"இப்பத்தான் கழனிலேர்ந்து வரேன்ணா. அவரு உரம் வாங்க டவுனுக்குப் போயிருக்காரு. சாவி அவருகிட்டயே போயிடுச்சு."

"அப்ப சோறு கெடயாதுன்னு சொல்லு."

"சோறும் உள்ள, தண்ணியும் உள்ள. பக்கத்து வூட்ல மோர் வாங்கியாறேன், இரு."

மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினார். வெயில் தாழட்டும் என்று மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் கதவுக்கு முதுகு கொடுத்து வாசப்படியில் உட்கார்ந்தேன்.

"மாப்ள ஒழுங்கா இருக்காரா?"

"இருக்காரு."

"மூஞ்சியப் பாத்து சொல்லு."

"இருக்காருண்ணா. வேணும்னா ஊர்ல கேளு."

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். அடித்தொண்டையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் தலையைத் தூக்கினார்.

"உள்ள யாரு?"

"ஆட்டுக்குட்டிண்ணா. பால் மறக்கடிக்கக் கட்டி வெச்சிருக்கேன்."

எப்படித்தான் அந்தப் பொய் அவ்வளவு சுருக்காக வந்ததோ. மறுபடியும் சத்தம் வந்தது. நான் குரலை உயர்த்தி, சின்னவளுக்குக் காது குத்துவதைப் பற்றி, எந்தத் தேதியில் வைக்கலாம், யார் யாரைக் கூப்பிடலாம் என்று ஓயாமல் பேசினேன். பேசிக்கொண்டே மனசுக்குள் அவரைத் திட்டினேன், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கிடக்க மாட்டாயா என்று. மூன்றாவது தடவை சத்தம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வெயில் கொஞ்சம் இறங்கியதும் அண்ணன் வண்டியைப் பூட்டினார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். சலங்கைச் சத்தம் தெரு திரும்பும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு பூட்டைத் திறந்தேன். இன்றைக்கு இந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்றுதான் உள்ளே போனேன்.

எச்சில் நிற்கவில்லை. நுரையோடு கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர். வேட்டி நனைந்திருந்தது. நெஞ்சுக்குள் பானையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு களகளப்பு. கன்னத்துச் சதையும் கை விரல்களும் தாமாகத் துடித்தன. குடித்துவிட்டுக் கிடந்தவரை நான் நூறு நாள் பார்த்திருக்கிறேன். குடித்த வாய் கொஞ்ச நேரம் ஒழுகும், அப்புறம் வறண்டு குறட்டை விடும். இது அந்த ஒழுக்கு இல்லை.

முதன்முதலாகக் குனிந்து முகர்ந்தேன். சாராய வாசனையே இல்லை. பூண்டு அழுகினாற்போல ஒரு நெடி. புரட்டிப் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பால் காய்ந்தது போல வெள்ளைக் கோடுகள், நடுவில் இன்னும் பிசுபிசுப்பு. தலைக்கு வைத்திருந்த துண்டிலும் அதே நெடி. பின்கதவைத் திறந்தேன். தோட்டத்துச் சுவரில் அப்பாதுரையின் மருந்தடிக்கிற மிஷின் சாய்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.

நாளான்னிக்கு என்று சொன்னவர், நான் கழனிக்குப் போனதும் இன்றைக்கே அடித்திருக்கிறார். மிஷின் ஒழுகி முதுகில் ஊற்றியிருக்கிறது. வெயிலில் வந்த உடம்பில் உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. வேர்வை அடங்கட்டும், அப்புறம் குளிக்கலாம் என்று படுத்திருக்கிறார்.

ஓடினேன். தெருவில் போனால் வண்டியைப் பிடிக்க முடியாது என்று கொல்லைகளுக்குக் குறுக்கே, முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடினேன். மலை சுற்றும் பாதையில் வண்டி ஏறுவது தெரிந்தது. "அண்ணா" என்று கத்தினேன். மூச்சு போய்க் குரல் எழும்பவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு டவுனுக்குப் போவலண்ணா. வூட்லதான் இருக்காரு. பூச்சி மருந்து முதுகுல ஊத்திக்கிச்சு. வாயில நொர தள்ளுது."

"அப்ப ஆட்டுக்குட்டி?"

அண்ணன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாட்டைத் திருப்பினார்.

"மொதல்ல தண்ணிய ஊத்து" என்றார் வீட்டுக்குள் வந்ததும். நான்கு குடம் ஊற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். வேறு வேட்டி சுற்றி வண்டியில் ஏற்றினோம். நான் அவர் தலையை மடியில் ஒருக்களித்து வைத்துக்கொண்டேன். முந்தானையால் துடைக்கத் துடைக்க ஊறிக்கொண்டே இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன், கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

டவுனுக்குப் போகிற வழியில் டீக்கடை முன்னால் நின்றிருந்த ஒருத்தன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா பெருசு, ஃபுல் லோடா? வாயப் பாரு, அருவியாட்டம் ஊத்துது."

"உன் வாயில மண்ணு வுழ" என்று கத்தினேன். அவன் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது. அவன் சொன்னதற்கும் நான் நினைத்ததற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவன் வழிப்போக்கன், நான் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலில் போட்டதும் டாக்டரம்மா கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நர்சிடம் ஊசி மருந்துகளைப் பெட்டியோடு கொண்டுவரச் சொன்னார்.

"வாயால குடிச்சாரா?"

"இல்லீங்கம்மா. மிஷின் ஒழுகி முதுகுல பட்டிருக்கு."

"இந்த மாதிரி எச்சில் எப்ப ஆரம்பிச்சது? சரியா சொல்லும்மா."

அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், நான் அவரை மறைத்து வைத்திருந்தது எவ்வளவு நேரம் என்பது அண்ணனுக்குத் தெரியாமல் போகும், ஊருக்கும் தெரியாமல் போகும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டாக்டரம்மா கையில் ஊசியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உச்சிப்பொழுதுலயே பாத்தேங்கம்மா. பன்னெண்டு மணிக்கு. அப்பவே தரைவரைக்கும் ஒழுகிக் கெடந்துச்சு. குடிச்சிருக்காருன்னு நெனச்சு, என் அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னு வெளிய பூட்டிட்டேன்."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா திட்டவில்லை, ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"இந்தப் பூச்சி மருந்து உடம்புக்குள்ள போனா வாய், கண்ணு, நெஞ்சு எல்லாம் தண்ணியாக் கொட்டும். நெஞ்சுல தண்ணி ரொம்பினா மூச்சு அடைச்சுடும். நாங்க ஊசி போட்டுக்கிட்டே இருப்போம். வாய் காயணும். காஞ்சா ஆள் தப்பிச்சார்னு அர்த்தம். நீ பக்கத்துலயே இருந்து தொடச்சுப் பாத்துச் சொல்லு."

அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டேன். ஊசி போடுவார்கள், நான் துடைப்பேன், கன்னத்துக்கு உள்பக்கம் விரல் வைத்துப் பார்ப்பேன். ஈரம். மறுபடியும் ஊசி, மறுபடியும் விரல், மறுபடியும் ஈரம். எத்தனை தடவை என்று கணக்கில்லை. ஒரு சமயம் மூச்சு நின்றேவிட்டது போல இருந்தது. நர்ஸ் ஓடிவந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தாள். அண்ணாமலையாரே, எனக்கு இந்த ஆளைக் குடிகாரனாகவே திருப்பிக் கொடுத்தாலும் போதும் என்று வேண்டிக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் வேண்டினேன்.

விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு விரல் வைத்தபோது கன்னம் சொரசொரவென்றிருந்தது. நம்பிக்கையில்லாமல் நாக்கின் அடியில் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் காய்ந்திருந்தது. "காஞ்சிடுச்சு, காஞ்சிடுச்சு" என்று வார்டே எழுந்துகொள்கிற மாதிரி கத்தினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். என்னை அவர் பார்க்கவில்லை.

அன்று முழுக்க அவர் ஊசி மருந்து மயக்கத்தில் காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில்தான் தெளிந்தார். என்னைப் பார்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது. அண்ணன் காபி வாங்கப் போயிருந்தார்.

"இன்னா ஆச்சு எனக்கு?"

சொன்னேன். மிஷின் ஒழுகியதையும், வண்டியில் வந்ததையும், வாய் காய்ந்ததையும் சொன்னேன். கதவை மட்டும் விட்டுவிட்டேன். கொஞ்சம் உடம்பு தேறட்டும், அப்புறம் நானே காலில் விழுந்து சொல்லலாம் என்று நினைத்தேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு பொன்னி. கை கால்தான் அசையல. மச்சான் கொரல் கேட்டுச்சு. ரெண்டு தபா கூப்ட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆட்டுக்குட்டின்னு சொன்ன."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இல்லை. ஊரில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுவது போலத்தான் சொன்னார். "குடிச்சிட்டீங்கன்னு நெனச்சேங்க" என்றேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் தண்ணீர் கேட்டார். தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை வாயில் வைத்தேன். உதடு இன்னும் சரியாகக் கூடவில்லை, பாதித் தண்ணீர் வாயோரமாக வழிந்தது. துடைக்க முந்தானையை எடுத்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, நடுங்குகிற புறங்கையால் தானே துடைத்துக்கொண்டார்.